திருகோணமலைப் பக்கம் காட்டுக்கோழியைப் படம்பிடிக்க 400 மில்லிமீற்றர் வில்லை போதுமா?

தாராளமாகப் போதும். ஆயினும், காட்டுக்கோழியைப் பொறுத்தவரை வில்லையைவிட, நீங்கள் எந்த நேரத்தில் எந்த உயரத்தில் இருக்கிறீர்கள் என்பதே படத்தைத் தீர்மானிக்கிறது.

கந்தளாயிலிருந்து ஹபரணை நோக்கிச் செல்லும் வீதியில் காடு நெருங்கிவரும் இடங்களிலும், திரியாய்ப் பக்கத்துப் பற்றைக் காடுகளின் ஓரத்திலும், விடியற்புறத்திலும் பொழுது சாய்வதற்குச் சற்று முன்பும் இவை வெளியே வந்து மேயும். பாலைப்பழம் உதிரும் மாதங்களில் மரத்தடிகளையும் பார்த்து வையுங்கள். வாகனத்தை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு உள்ளேயே அசையாமல் இருந்தால், பற்றைக்குள் ஓடி மறைந்த சேவல் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் திரும்பி வரும். யானை நடமாடும் வீதியாதலால் இறங்கி நடக்க வேண்டாம். ஜீப்பின் மேல் நின்று எடுத்தால் கோழியின் முதுகுதான் கிடைக்கும்; தாழ்வான காரின் சாளரமே நல்லது.

சேவலின் செம்மஞ்சள் இறகுகள் இளவெயிலில் எளிதில் வெளிறிப்போகும். பின்னணிக் காடு இருண்டிருப்பதால் கமரா தானாகவே ஒளியைக் கூட்டிவிடுகிறது; நான் எப்போதும் ஒளியை மூன்றில் இரண்டு ஸ்டொப் (கமராவில் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அளவு) குறைத்தே எடுக்கிறேன். கொத்தும்போது தலை ஓயாமல் அசைவதால், ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்திறனை, 1600க்கு உயர்த்த நேர்ந்தாலும் ஷட்டர் வேகத்தை 1/1000 விநாடிக்குக் குறையாமல் வைத்து, கூவுவதற்குத் தலை நிமிரும் கணத்துக்காகக் காத்திருங்கள்.

ஒருமுறை நான் பெருமையோடு காட்டிய படத்தைப் பார்த்த முதியவர் ஒருவர், "தம்பி, இது ஆரோ வளர்க்கிற சேவல்" என்று சொல்லிவிட்டார். இலங்கைக் காட்டுச் சேவலின் சிவந்த கொண்டைக்கு நடுவே மஞ்சள் நிறம் இருக்க வேண்டும்; என் படத்தில் இருந்ததற்கு அது இல்லை. ஊர் ஓரங்களில் எடுப்பவர்கள் முதலில் கொண்டையைத்தான் பார்க்க வேண்டும்.

கூவும் ஒலியைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அழைப்பதை நான் ஏற்பதில்லை. தன் எல்லைக்குள் வேறொரு சேவல் புகுந்துவிட்டதென நம்பி அது மேய்ச்சலை விட்டு அலையும்; அப்படி எடுத்த படத்தில் தெரிவது அதன் இயல்பு அன்று. நிலத்தில் முட்டையிடும் பறவையாதலால், கூட்டைக் கண்டால் படமெடுக்காமலே விலகிவிடுங்கள்.

பேட்டுக்கோழியைப் படம்பிடிப்பது இதனினும் கடினம். அதன் கபில நிற முதுகு சருகோடு சருகாகக் கலந்துவிடும். வயிற்றுப்புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கோலத்தைக் கொண்டுதான் கண் அதைப் பிரித்தறிகிறது, கமராவின் தானியங்கிக் குவியமோ முன்னால் நிற்கும் புல்லையே பிடித்துக்கொள்கிறது. எனக்கு மனநிறைவு தந்த பேட்டின் படம் இன்னும் ஒன்றுகூட இல்லை.