லில் ஹார்டின், புகழ்பெற்ற ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி என்பதால் மட்டும் அறியப்பட்டவரா?

இல்லை. அவர் தாமே ஒரு ஜாஸ் பியானோ கலைஞர். மனைவி என்பதால் கணவரின் குழுவில் இடம் கிடைத்திருக்கும் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். பியானோ கற்பிக்கும் நான் ஒருமுறை இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் அவரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். அழைப்பிதழில் 'ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி' என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். அவர் பெயரே இல்லை. அமைப்பாளரிடம் கேட்டதற்கு, "பெயரைப் போட்டால் யாருக்கும் தெரியாதே" என்றார். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மெம்ஃபிஸில் 1898இல் பிறந்த லில், 1918இல் சிகாகோவுக்கு வந்து, இசைக்கடை ஒன்றில் வாரம் 3 டாலர் சம்பளத்துக்குப் புதிய பாடல்களை வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டினார். 1922இல் லூயி அந்நகரில் வந்திறங்கியபோது லில் அங்கே ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த கலைஞர்.

மறு ஆண்டு, இருவரும் வாசித்துவந்த கிங் ஆலிவரின் ஜாஸ் குழு இண்டியானாவில் ஒலிப்பதிவு செய்தது. மைக் இல்லாத காலம் அது. எல்லோரும் ஒரே கூம்புக் குழாயை நோக்கி வாசிக்க வேண்டும். லூயியின் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) மற்றவர்களை அமுக்கிவிட்டதால், அவரைத் தொலைவில் ஒரு மூலையில் நிறுத்தினார்கள். முகம் வாடி நின்ற அவரைப் பார்த்தபோதே, அவர் ஆலிவரை மிஞ்சியவர் என்பது தமக்கு உறுதியானதாக லில் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1924இல் மணம் முடிந்தபின், ஆலிவரின் நிழலிலிருந்து விலகும்படி லூயியை வற்புறுத்தியவரும் அவரே. லூயியின் மேதைமையை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். அந்த மேதைமையை முதலில் இனங்கண்டவர்களுள் ஒருவரைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மற்றொரு ஜாஸ் பியானோ கலைஞரான ஏர்ல் ஹைன்ஸோடு ஒப்பிட்டு, லில்லின் வாசிப்பில் நுணுக்கம் போதாது என்பாரும் உண்டு. தனி வாசிப்பில் ஹைன்ஸ் உயர்ந்தவர் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆலிவரின் குழுவில் பியானோவுக்கு இடப்பட்ட பணி, தாளத்தின் நான்கு அடிக்கும் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) அழுத்தமாகப் பிடித்துத் தாளத்தை நிலைநிறுத்துவது. லில் வலக்கையால் மெட்டுகளை ஓடவிட்டால், "குழுவில் கிளாரினெட் ஏற்கெனவே இருக்கிறது" என்று ஆலிவர் தடுத்துவிடுவாராம். தடுக்கப்பட்டதை இயலாமை என்று எழுதுவது நியாயமன்று.

அவர் இசையமைப்பாளரும்கூட. 1927இல் லூயியின் ஹாட் ஃபைவ் குழு பதிவுசெய்த 'ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பெக்யூ' அவருடையது. 'ஜஸ்ட் ஃபார் எ த்ரில்' என்ற அவரது பாடலை, 1938இல் லூயியுடன் மணமுறிவு ஏற்பட்டு இருபது ஆண்டுகள் கழிந்தபின், ரே சார்ல்ஸ் பாடிப் புகழ்பெறச் செய்தார். முதலில் இவ்விரண்டையும் கேளுங்கள்.