மாத்திரையை நிறுத்தச் சொல்ல இவர் யார்?

“என் அம்மாவுக்கு 64 வயது. பத்து வருடமாகச் சுகரும் பிரஷரும் உண்டு. எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இயற்கை மருத்துவ மையம் திறந்திருக்கிறார்கள். போர்டில் ‘டாக்டர்’ என்று போட்டு, பெயருக்குப் பின்னால் ‘என்.டி.’ என்று இருக்கிறது. பத்து நாள் சாறு மட்டும் குடித்தால் சுகர் மாத்திரையே தேவைப்படாதாம். முதல் நாளே எல்லா மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்கிறார். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. இவர் நிஜமாகவே டாக்டரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” — ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி.

போர்டு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அம்மாவின் மருந்துச் சீட்டைக் கையில் எடுங்கள். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு என்று ஏதாவது சுகர் மாத்திரை இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சுகர் சட்டென்று இறங்கிவிடும். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகைச் சுகர் மாத்திரை என்றால் சிக்கல் வேறு. விரதத்தின்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம், அப்போது மீட்டரில் சுகர் பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் படபடப்பு வரும், நெஞ்சுவலிகூட வரலாம். பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் சாப்பிடுபவர் தினமும் இளநீரும் காய்ச்சாறுமாகக் குடித்தால், அதுவும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ஆக, எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறு, அப்படியே தொடர்ந்துகொண்டு விரதம் இருப்பதும் தவறு. ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தச் சீட்டைப் பார்க்காமலேயே ஒருவர் ‘எல்லாவற்றையும் நிறுத்து’ என்றால், அவர் என்ன படித்திருந்தாலும் எனக்குக் கவலையில்லை, அங்கே அம்மாவை அனுப்பாதீர்கள்.

சாறு என்றதும் இன்னொன்று. சுரைக்காய்ச் சாறு குடிக்கச் சொன்னால், முதலில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிடுங்கள். ‘கசப்பு உடம்புக்கு நல்லது’ என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கக் கூடாது. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டசின் என்ற நச்சு இருக்கிறது. 2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி அப்படிக் குடித்து இறந்துபோனார்.

இனி போர்டு. நான் இந்தத் துறையில் பட்டம் பெற்றவள்தான், அதனால் எங்கள் வீட்டுக் குறையையும் சேர்த்தே சொல்கிறேன். நம் நாட்டில் இயற்கை மருத்துவத்துக்கு முழுப் படிப்பு பி.என்.ஒய்.எஸ். உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாம் உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டிலிருந்து அரசுக் கல்லூரி இருக்கிறது, பட்டம் தருவது எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். முடித்தவர்கள் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

‘என்.டி.’யை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் அது நான்காண்டுக் கல்லூரிப் படிப்பையும் உரிமத்தையும் குறிக்கும். இங்கேயோ, வார இறுதி வகுப்புக்குப் போய்வந்தவரும் தபாலில் சான்றிதழ் வாங்கியவரும் அதே இரண்டு எழுத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். எனவே நேரே போய், “உங்கள் பதிவு எண் என்னங்க?” என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். எண் வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டுவார். “பதிவெல்லாம் இங்கிலீஷ் வைத்தியத்துக்குத்தாம்மா” என்று பதில் வந்தால் விஷயம் புரிந்துவிடும். அந்த எண்ணை வாரியத்தில் சரிபார்க்கலாம். மையத்துக்கும் தனியாகப் பதிவு வேண்டும், 1997-இன் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி. அதற்கு மாவட்டச் சுகாதார இணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இவ்வளவு விசாரிக்க வேண்டியிருப்பது ஏன் என்றால், நாடு முழுக்க ஒரே சட்டம் என்று இயற்கை மருத்துவத்துக்கு இல்லை. 2020-இல் வந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பா நான்கையும் எடுத்துக்கொண்டது, எங்களை விட்டுவிட்டது. கர்நாடகம் 1961-லேயே தன் பதிவுச் சட்டத்தின் பெயரிலேயே நேச்சுரோபதியை, அதாவது இயற்கை மருத்துவத்தை, சேர்த்துவிட்டது. மற்ற மாநிலங்களில் ஆளுக்கொரு வழி.

இந்தக் குழப்பத்தின் வேர் இதைவிடப் பழையது. இந்த வைத்தியத்தைத் தொடங்கியவர்களே மருத்துவக் கல்லூரி பக்கம் போகாதவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சிலேசியாவில் குளிர்ந்த நீரால் வைத்தியம் பார்த்த பிரீஸ்னிட்ஸ் விவசாயி. ஜெர்மனியில், பவேரியாவின் நைப் பாதிரியார். அதே நாட்டின் லைப்சிக்கில் இடுப்புக் குளியல் சொல்லித்தந்த லூயி கூனே மருத்துவரே அல்ல. ஜெர்மனியில் இப்படிப்பட்டவர்களுக்கென 1939-இல் போட்ட சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது; சுகாதாரத் துறையின் தேர்வில் தேறினால் போதும், இத்தனை ஆண்டு மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கூனேயின் நூல் தெலுங்கிலும் இந்தியிலும் வந்து இங்கே பரவியது. காந்தி அதைப் படித்தார், வயிற்றில் ஈரமண்ணைத் துணியில் வைத்து மண்பட்டி போட்டுக்கொண்டார், 1946-இல் புனே அருகே உருளிகாஞ்சனில் கிராம மக்களுக்காக ஒரு சிகிச்சை ஆசிரமமே தொடங்கினார். இயற்கை மருத்துவம் நம்மூரில் ஒரு தொழிலாக அல்ல, ஒரு தொண்டாக வந்தது. தொண்டு செய்பவரிடம் யார் சான்றிதழ் கேட்பார்கள்? அந்தப் பழக்கம்தான் இன்று காசு வாங்கிக்கொண்டு பேக்கேஜ் விற்பவருக்கும் வசதியாகிவிட்டது.

காந்தி பெயரைச் சொல்லி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்களிடம் நான் ஒன்றை நினைவூட்டுவது வழக்கம். 1924 ஜனவரியில் எரவாடா சிறையிலிருந்த அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தபோது, புனே சாஸூன் மருத்துவமனையில் கர்னல் மேடாக் என்ற வெள்ளைக்கார டாக்டர் அறுவை சிகிச்சை செய்தார். நடுவில் கரண்ட் போய், லாந்தர் வெளிச்சத்தில் முடித்தார்கள். மண்பட்டியே போதும் என்று காந்தி படுத்திருக்கவில்லை.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் சட்டம் ஓரிடத்தில் தெளிவு. பி.என்.ஒய்.எஸ். படித்த நாங்கள் அலோபதி மருந்து எழுதக் கூடாது. ஒரு முறையில் பதிவு பெற்றவர் இன்னொரு முறையின் மருந்தைக் கொடுத்தால் அது அலட்சியம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் பூனம் வர்மா வழக்கில் சொன்னது. அதில் டைபாய்டு என்று எண்ணி அலோபதி மருந்து கொடுத்தவர் ஒரு ஹோமியோபதி மருத்துவர். எழுத உரிமையில்லாத மாத்திரையை நிறுத்த மட்டும் எங்களுக்கு உரிமை எங்கிருந்து வரும்? எழுதியவர்தான் குறைக்க வேண்டும். ‘சுகர் குணமாகும்’ என்று ஏதாவது பொடியோ கஷாயமோ விளம்பரம் செய்து விற்றால், 1954-இன் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டலாம். நீரிழிவு அதன் பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் வெறும் சாறு என்றால் ‘இது உணவுதானே’ என்று வாதாட அவருக்கு இடமிருக்கிறது. அந்தச் சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

அம்மாவின் ஆசையை ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். உணவை மாற்றி, நடந்து, எடையைக் குறைத்தால் பலருக்கு மாத்திரை குறைவதை நானே பார்க்கிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லை. அதே வளாகத்தில் சுகர் டாக்டரும் இருப்பார், இரண்டு பேரும் ஒரே சீட்டைப் பார்ப்பார்கள். போகும்போது கடைசி மூன்று மாத எச்.பி.ஏ.1.சி. (சராசரிச் சுகர்), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் போட்டு, அதையும் கொண்டுபோங்கள்.