கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார் ரெப்ளிகா விலைக்கு வந்தால் வாங்கலாமா?

எம்.ஜி. என்ற இங்கிலாந்து கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி செய்த வண்டி (ரெப்ளிகா) ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் அழகைப் பார்த்து விலை பேசாமல், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பாளையங்கோட்டையில் என்னிடம் இருப்பது எம்.ஜி. டி.எஃப். மாதிரி. இங்கிலாந்தில் 1953 முதல் 1955 வரை வந்த அசல் வண்டிக்கு மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு. என்னுடையதற்கு பைபர் பாடி. அடியில் இருப்பது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், 948 சிசி. ஹெரால்டுக்குச் சேஸிஸ் என்ற அடிச்சட்டம் தனி, பாடி தனி. போல்ட்டைக் கழற்றி பாடியைத் தூக்கிவிட்டு வேறொன்றை உட்கார வைக்கலாம். இதே வசதிக்காகத்தான் இங்கிலாந்திலும் அதே வண்டியான டிரையம்ப் ஹெரால்டின் மேல் ரெப்ளிகா கட்டினார்கள்.

ஆக, பெயர் எம்.ஜி. என்றாலும் குணமெல்லாம் ஹெரால்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். நம்மூர் மெக்கானிக் பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார். நாளாக நாளாக உள்ளே மரை தேய்ந்து, துருப்பிடித்து, ஒருநாள் முறியும், சக்கரம் படுத்துவிடும். வாங்கும்போது ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். பின்சக்கரத்திலும் ஒரு சங்கதி உண்டு. வளைவில் வேகமாகப் போகையில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் சக்கரம் உள்ளே மடங்கும், வால் வீசும். பாபநாசம் மலைப்பாதையில் இதை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

எல்லோரும் பயப்படுவது பைபர் பாடியைப் பார்த்துத்தான். நம் ஜில்லாவில் அதுதான் சுலபமான வேலை. உவரி, கூத்தங்குழி பக்கம் பைபர் வள்ளம் பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கார் பட்டறைக்காரர் விரிசலில் பட்டி பூசி பெயின்ட் அடித்துவிடுவார், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி விடும். வள்ளக்காரர் விரிசலைக் கிரைண்டரால் அகலத் திறந்து, பின்பக்கமாக மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பை வைத்து ரெசின் என்ற பிசினை ஏற்றுவார். எனக்குச் செய்து தந்தவர், “கடல்ல அலையில அடிபடுறதே நிக்கிது, உங்க ரோட்டுல நிக்காதா அண்ணாச்சி?” என்றார். நீங்களே செய்வதானால் ஒன்று: ரெசினில் முதலில் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைக் கலக்கி, அப்புறம்தான் இறுக வைக்கும் ஹார்ட்னர். அவை இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். சாரல் அடிக்கும் நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம், சரியாக இறுகாது.

உண்மையான தலைவலி காகிதம். என் வண்டியின் ஆர்சி புத்தகத்தில் பாடி மாற்றம் அந்தக் காலத்திலேயே பதிவாகியிருந்தது, அதனால்தான் வாங்கினேன். இப்போது அப்படிப் புதிதாக மாற்றிப் பதிவது நடக்காத காரியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புத்தகத்தில் மூடிய கார் என்றிருந்து, நீங்கள் திறந்த டூ சீட்டரில் போய் இறங்கினால் என்ன ஆகும்? மிகப் பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் வந்த வின்டேஜ் பதிவும் உதவாது. ஐம்பது வருடம் தாண்டியிருந்தாலும் சேஸிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனவே ஆர்சி சரியில்லை என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

ரெப்ளிகாவில் எனக்குப் பிடித்ததே, அசல் கெட்டுவிடுமோ என்ற பதற்றம் இல்லாததுதான். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு, இந்தக் கால ஆல்டர்னேட்டர் போட்டேன். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அசல் வைத்திருப்பவர் ஒரு திருகாணிக்கும் பட்டியலைத் தேடுவார்.

பாகங்களுக்குக் கவலை வேண்டாம். டிரையம்ப் ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டு வழி வந்ததுதான் என்பதால் முன்பக்கச் சாமான்களை இங்கிலாந்தில் இன்றும் செய்து விற்கிறார்கள். புஷ் மாதிரி சின்னவற்றைப் பழைய சாம்பிளைக் கொடுத்தால் லேத் பட்டறையிலேயே கடைந்து தருவார்கள். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் உடைத்துவிடாதீர்கள், அது கடையில் கிடைக்காது, அளவு கொடுத்து வெட்ட வேண்டும்.