ஆப்பை மூடிட்டாங்க, வாலட்ல இருக்கற காசு வருமா?

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன் சார். கிரிக்கெட் ப்ளேயர்ஸை ஷேர் மாதிரி வாங்கி விக்கற ஒரு ஆப்ல 2025 ஏப்ரல்ல சேர்ந்தேன். மொத்தம் 52,000 போட்டேன், 9,000 எடுத்தேன். ஆகஸ்ட்ல காசு வச்சு ஆடற ஆன்லைன் கேமைத் தடை பண்ணி புது சட்டம் வந்ததும் ட்ரேடிங்கை நிறுத்திட்டாங்க. வாலட்ல 21,400 இருக்கு, ரீசார்ஜ் பண்ணி இன்னும் ஷேர் வாங்காம வச்சிருந்த காசு. போர்ட்ஃபோலியோ 86,000னு காட்டுது. வித்ட்ரா குடுத்தா பெண்டிங்லயே நிக்குது. டெலிகிராம்ல ஒருத்தர் மொத்தத்தையும் எடுத்துத் தர்றேன், முதல்ல வருமான வரி கிளியரன்ஸுக்கு 6,840 கட்டுங்கனு லெட்டர் அனுப்பியிருக்கார். கட்டலாமா? வெளிய சொன்னா என் மேல கேஸ் வருமா?

பதில்: கட்டாதீங்க தம்பி. மத்ததெல்லாம் அப்புறம். அந்த ஆளோட சாட் முழுசையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு இன்னைக்கே பிளாக் பண்ணுங்க.

நீங்க அனுப்பின லெட்டரைப் பார்த்தேன். மேல சிங்க முத்திரை, கீழ வட்ட சீல், நடுவுல உங்க பேரு, பேன் நம்பர் எல்லாம் பக்காவா இருக்கு, ஆனா பணம் கட்டச் சொன்ன யுபிஐ ஐடி மட்டும் யாரோ ஒரு தனி ஆள் பேர்ல இருக்கு. வருமான வரித்துறை எந்தக் காலத்துலயும் தனி ஆளோட யுபிஐக்கு வரி கட்டச் சொல்லாது. டிடிஎஸ்னா குடுக்கறவங்களே பிடிச்சுக்கிட்டு மிச்சத்தை உங்க அக்கவுண்ட்ல போடணும், உங்க காசை ரிலீஸ் பண்ண நீங்க முன்கூட்டி வரி கட்டணுங்கற முறையே கிடையாது. 6,840 கட்டினீங்கன்னா அடுத்தது ஜிஎஸ்டிம்பான், அப்புறம் கோர்ட் ஸ்டாம்ப்பும்பான், கடைசில எனிடெஸ்க் (உங்க போனை அவன் தூரத்துல இருந்தே இயக்க விடற ஆப்) இறக்குங்க நானே போட்டு விடறேம்பான், அங்கதான் சம்பள அக்கவுண்ட்டே காலியாகும். என்கிட்ட வர்ற ஆளுங்கள்ல நிறைய பேர் ஆப்ல விட்டதை விட இந்த மாதிரி மீட்டுத் தர்றேன்னு வந்தவன்கிட்ட விட்டதுதான் அதிகம். கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடி கூப்பிடறதும் இதே குழிதான். ஆப்புக்குள்ள இருக்கற ஹெல்ப் பக்கம், அதுல இருக்கற மெயில் ஐடி, இது ரெண்டைத் தவிர வேற எதையும் நம்பாதீங்க.

இப்ப உங்க காசுக்கு வருவோம். 21,400ஐயும் 86,000ஐயும் ஒண்ணாப் போட்டு 1,07,400னு மனசுல வச்சிருக்கீங்க, அதை முதல்ல பிரிங்க. 21,400 நீங்க குடுத்து வச்ச பணம். 86,000ங்கறது ஸ்கிரீன்ல தெரியற ஒரு நம்பர், வாங்க இன்னொருத்தன் இருந்தாத்தான் அது காசு. ஷேர்னு பேரு வச்சாங்களே தவிர எந்தக் கம்பெனிலயும் உங்களுக்குப் பங்கு கிடையாது, ஷேர் வைக்கற டீமேட் அக்கவுண்ட்ல வராது, ஷேர் மார்க்கெட்டைக் கண்காணிக்கற செபி இதுக்குள்ள வராது.

இது இங்கிலாந்துல ஏற்கெனவே பெரிசா நடந்தது. ஃபுட்பால் இண்டெக்ஸ்னு 2015ல ஆரம்பிச்சாங்க, தன்னை ஃபுட்பால் ஸ்டாக் மார்க்கெட்னுதான் விளம்பரம் பண்ணிக்கிட்டாங்க. புரூனோ ஃபெர்னாண்டஸ் மாதிரி ப்ளேயரோட "ஷேர்" வாங்கணும், அவர் நல்லா ஆடினாலோ நியூஸ்ல அடிபட்டாலோ டிவிடெண்ட் வரும். உண்மைல அது மூணு வருஷத்துக்கான பந்தயம், லைசென்ஸ் குடுத்ததும் அங்க இருக்கற சூதாட்டக் கமிஷன்தான். 2021 மார்ச் 5ஆம் தேதி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 33 பென்ஸா இருந்த டிவிடெண்டை 6 பென்ஸா குறைக்கறோம்னு அறிவிச்சாங்க. விலை அப்படியே பாதாளத்துக்குப் போச்சு, எல்லாரும் விக்கறாங்க, வாங்க ஆளில்லை. 11ஆம் தேதி லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. இது பிரமிட் ஸ்கீம் மாதிரி ஆபத்தானதுன்னு 2020 ஜனவரிலயே கமிஷனுக்கு ஒரு எச்சரிக்கை போயிருந்துச்சு, ஒரு வருஷத்துக்கு மேல என்ன பண்ணிட்டு இருந்தாங்கனு நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்திரமா வருது. நீங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, வாலட்ல இருந்த காசு தனியா டிரஸ்ட் அக்கவுண்ட்ல இருந்ததால கோர்ட் மூலமா அதுக்கு ஒரு வழி பிறந்துச்சு, ப்ளேயர் "ஷேர்"ல போட்டது போனதுதான். உங்க 86,000ஐ மனசுல இருந்து எடுத்துடுங்க, 21,400ஐ விடாதீங்க.

இங்க நம்ம நிலைமை என்னன்னா, 2025 ஆகஸ்ட் 20 லோக்சபா, 21 ராஜ்யசபா, 22 ஜனாதிபதி கையெழுத்துனு மூணே நாள்ல சட்டத்தை முடிச்சாங்க. சரி, தடை பண்ணட்டும், நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனா கம்பெனி கையில ஏற்கெனவே இருக்கற ஜனங்க காசை இத்தனை நாளுக்குள்ள திருப்பிக் குடுத்தே ஆகணும்னு அந்தச் சட்டத்துக்குள்ளயே ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? பெரிய கம்பெனிங்க தானாவே வித்ட்ராவைத் திறந்து விட்டாங்க, சின்ன ஆப்ல மாட்டினவங்கதான் இப்படி ஒவ்வொரு கதவா தட்டறாங்க.

இந்தப் புது மத்திய சட்டத்தைப் பொறுத்தவரைக்கும் கேஸ் பயம் வேண்டாம். அதுல நடத்தறவங்களுக்குத்தான் 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம். ஆடினவங்களுக்குத் தண்டனை வைக்கலை.

வரி விஷயத்தை மட்டும் நிதானமாப் படிங்க, ஏன்னா உங்களை மிரட்டினதே இதை வச்சுத்தான். ஆன்லைன் கேம்ல ஜெயிச்ச நிகரப் பணத்துக்கு 30 சதவீதம் டிடிஎஸ், 2023 ஏப்ரல்ல இருந்து. நிகரம்னா எடுத்ததுல இருந்து போட்டதைக் கழிச்சு வர்றது. நீங்க போட்டது 52,000. எடுத்தது 9,000, இப்ப வரவேண்டியது 21,400, கூட்டினா 30,400. போட்டதை விட கம்மி, அப்ப ஜெயிச்சதே இல்லை, டிடிஎஸ் ஒரு ரூபா கூட கிடையாது. மார்ச் 31 தாண்டிட்டா கணக்கு மாறுமேனு கேப்பீங்க. மாறாது. வருஷக் கடைசில வாலட்ல நிக்கற 21,400 அடுத்த வருஷத்துக்கு ஓப்பனிங் பேலன்ஸா வரும், அப்ப எடுக்கறது 21,400, கழிக்கறதும் 21,400, மிச்சம் சைபர். அதுலயும் டிடிஎஸ் பிடிச்சேன்னு கம்பெனி சொன்னா உங்க பேன் நம்பர்ல 26ஏஎஸ் (உங்க பேர்ல பிடிச்ச வரியைக் காட்டற ஸ்டேட்மெண்ட்) எடுத்துப் பாருங்க, அதுல வரலைன்னா உங்க கணக்குல இன்னும் ஏறலைனு அர்த்தம்.

இனி செய்ய வேண்டியது. ஆப் உயிரோட இருக்கறப்பவே வாலட் பக்கம், ரீசார்ஜ் ஹிஸ்டரி, பெண்டிங்னு காட்டற வித்ட்ரா எல்லாத்தையும் தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல அந்த ரீசார்ஜ் வரிகளை மார்க் பண்ணுங்க. கம்பெனி மெயிலுக்கு நாலே வரி எழுதுங்க, "ஆட்டத்துல பயன்படுத்தாத என் டெபாசிட் 21,400ஐ 15 நாளுக்குள் திருப்பித் தரவும்". ஜெயிச்ச பணம்னு ஒரு வார்த்தை கூட வேண்டாம், பந்தய ஒப்பந்தம் செல்லாதுன்னு வாதாட அவங்களுக்கு நாமே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். பதில் இல்லைன்னா 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன், அதுக்கப்புறம் நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே இ-ஜாக்ரிதி சைட் மூலமா கம்ப்ளெயிண்ட் போடலாம். கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் பரவால்ல, 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். இதை "ஃபைல் பண்ணித் தர்றேன்"னு எவனாவது 3,000 கேட்டா அவனையும் பிளாக் பண்ணுங்க.

டெலிகிராம் ஆள்கிட்ட ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்து என்கிட்ட சொல்லாம விட்டிருந்தீங்கன்னா, வெக்கப்படாம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க. காசு கைமாறி முதல் சில மணி நேரத்துல சொன்னாத்தான் அந்த அக்கவுண்ட்டை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு.