போனைப் பிடுங்குவதற்கு முன் தூக்கத்தைக் கவனியுங்கள்

அக்கா, பத்தாவது படிக்கும் மகன் விடிய விடிய போனில் ஃப்ரீ ஃபயர் கேம் ஆடுகிறான், போனைப் பிடுங்கினால் தட்டைத் தூக்கி எறிகிறான் என்று மன்னார்குடியிலிருந்து எழுதியிருந்தீர்கள். முதலில் தூக்கத்தைச் சரி செய்யுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். அது குறைந்தாலே எரிச்சலும் மறதியும் வரும். பாதி ஆட்டத்தில் மட்டும் பிடுங்காதீர்கள், கூட ஆடும் நண்பர்கள் முன்னால் அவனுக்கு அது பெரிய அவமானம். இரவு பத்து மணிக்கு மேல் எல்லார் போனும், உங்களுடையதும்தான், கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். சாயங்காலம் அறுப்பு முடிந்த வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்களே, அங்கே அனுப்பிப் பாருங்கள். அப்புறமும் பள்ளிக்கூடம் போக மறுத்தால் தள்ளிப்போடாமல் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல ஆலோசனை சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.