துணி குவிந்த தியான மூலை

கேள்வி: சிறிய வீடு, ஐந்து பேர் இருக்கிறோம். தியானத்துக்கென்று ஒரு மூலையை ஒதுக்கி விரிப்பு, விளக்கு, சிலை எல்லாம் வாங்கி வைத்தேன். ஒரே மாதத்தில் அங்கே துவைத்த துணி குவிந்துவிட்டது. உட்கார்ந்தாலும் மனம் அடங்கவில்லை. பயணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மட்டும் அமைதி தானாக வருகிறது. தியானத்துக்குப் புனிதமான இடம் தேவைதானா? - ஒரு வாசகி

பதில்: துணி விஷயத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என் மூலையிலும் ஒரு காலத்தில் பழைய செய்தித்தாள்கள்தாம் தியானத்தில் இருந்தன.

கட்டாயம் இல்லை. ஆனால் தொடங்குகிறவர்களுக்கு இடம் பெரிய துணை. கோயிலைக் குறிக்கும் 'டெம்ப்ளம்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பழைய பொருள், சடங்குக்காக எல்லை வகுத்துப் பிரித்த இடம் என்பதுதான். முதலில் எல்லை, கட்டடம் அப்புறம் வந்தது. நீங்கள் சிலை வரை வாங்கிவிட்டீர்கள், எல்லையைத்தான் போடவில்லை.

தூக்கம் வராதவர்களிடம் மருத்துவர்கள், "படுக்கையில் போன் பார்க்காதீர்கள், வேலை செய்யாதீர்கள், தூங்க மட்டும் போங்கள்" என்பார்கள். படுக்கையைப் பார்த்ததுமே உடம்புக்குத் தூக்கம் நினைவுக்கு வர வேண்டும். தியான இடத்துக்கும் இதே கணக்குதான். அங்கே உட்கார்ந்து கணக்கு எழுதினால், அடுத்த நாள் கண்ணை மூடியதும் மனம் கணக்கைத்தான் எடுக்கும்.

பொருள்கள் எவ்வளவு குறைவாக இருக்கலாம் என்பதற்கு நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் தியான அறையைச் சொல்வேன். அப்போதைய பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷீல்ட் முன்நின்று 1957இல் அதைப் புதிதாக அமைத்தார். எந்த மதத்தின் சின்னமும் கிடையாது. நடுவில் ஒரு பெரிய இரும்புத்தாதுப் பாளம், அதன்மேல் விழும் ஒளி, சுவரில் ஓர் ஓவியம், உட்காரச் சில இருக்கைகள். கீதையின் ஆறாம் அத்தியாயமும் தியானத்துக்குக் கேட்பது சுத்தமான இடம், அதிக உயரமோ தாழ்வோ இல்லாத ஆசனம், அதில் விரிக்கத் தர்ப்பை, மான்தோல், துணி, இவ்வளவுதான்.

உங்களுக்கு விரிப்பு ஒன்றே போதும். தொழுகை விரிப்பை விரித்த இடமே தொழும் இடமாகிவிடுகிறதே, அதுபோல. விரித்தால் ஆரம்பம், சுருட்டினால் முடிந்தது. தினமும் ஒரே நேரம், பத்து நிமிடம். போனும் அதில் ஏறக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. குழந்தை அந்த விரிப்பை மிதித்ததற்காகக் கோபம் பொங்கினால் இடம் உங்களை விழுங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். "உள்ளம் பெருங்கோயில்" என்றார் திருமூலர். அந்தக் கோயிலுக்குப் போகப் பழகத்தான் இந்த மூலை. நாள் செல்லச் செல்ல இடம் மாற்றியும் உட்கார்ந்து பாருங்கள்.

ஜன்னலோர அமைதிக்குக் காரணம், அங்கே உங்களுக்கு எந்த வேலையும் இல்லை, யாரும் கூப்பிடவும் முடியாது. அது நல்ல ஓய்வு. தியானம் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த பயணத்தில் அதே இருக்கையில் பத்து மூச்சுகளை எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

சரி, முதலில் அந்தத் துணிக்கு வேறு இடம் பாருங்கள்.