பென்டிரைவில் ஃபோல்டர்கள் ஷார்ட்கட் ஆகிவிட்டன, ஆன்டிவைரஸ் இருந்தும் எப்படி?

கேள்வி: பென்டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. ஆன்டிவைரஸ் இருந்தும் இது எப்படி வந்தது? வீட்டுக் கணினியை எப்படிக் காப்பாற்றுவது?

அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அந்தப் பென்டிரைவுக்குள்ளேயேதான் இருக்கும்.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். தை மாதம், சம்பா அறுப்பு முடிந்த நேரம். கொள்முதல் நிலையத்தில் நெல் போட சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் எல்லாம் வேண்டும். ஸ்கேன் செய்து வைத்திருந்ததை அப்பா பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அந்த நாட்களில் அங்கே காலையிலிருந்தே கூட்டம்தான். ஒரே கணினியில் ஊரில் உள்ள பென்டிரைவ் எல்லாம் ஏறி இறங்கும். பிரிண்ட் எடுத்து வந்து, சாயங்காலம் வீட்டுக் கணினியில் செருகி 'அடங்கல்' ஃபோல்டரைக் கிளிக் செய்தார். திறந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

ஒரு வாரம் கழித்து கும்பகோணத்திலிருந்து அத்தை மகன் போன் செய்தான். எங்கள் வீட்டில் ஏற்றிக்கொண்டு போன கல்யாண போட்டோக்கள் எதுவும் திறக்கவில்லையாம். அப்போதுதான் அப்பாவின் பென்டிரைவை உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டர் படத்தின் கீழ் மூலையிலும் குட்டியாக ஒரு வளைந்த அம்புக்குறி. அளவு 2 கேபி. வகை என்ற இடத்தில் 'ஷார்ட்கட்'.

இந்த ஷார்ட்கட் வைரஸ் செய்யும் வேலை இதுதான். அசல் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட் வைக்கும். நாம் கிளிக் செய்ததும் தன் நிரலை ஓட்டிவிட்டு, மறைத்த ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. அதன் பிறகு அந்தக் கணினியில் செருகும் பென்டிரைவ் ஒவ்வொன்றுக்கும் தொற்றிவிடும். இப்படித் தானாகப் பரவுவதை வைரஸ் என்பதைவிட வோர்ம் என்பதுதான் சரி.

மீட்பதற்கு முதலில் கணினியைச் சுத்தம் செய்யுங்கள். விண்டோஸ் டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட்டுங்கள். அப்புறம் பென்டிரைவைச் செருகி, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். அசல் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில சமயம் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். போட்டோ, பிடிஎஃப் மாதிரி உங்களுக்குத் தெரிந்தவற்றை மட்டும் காப்பி செய்துகொண்டு, அதன் பிறகு ஃபார்மட் செய்யுங்கள்.

ஆன்டிவைரஸ் ஏன் பிடிக்கவில்லை என்றால், எங்கள் வீட்டில் இருந்ததற்குச் சந்தா முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. புதிய வைரஸ்களின் அடையாளம் அதற்கு வந்து சேரவில்லை. அதை நீக்கிவிட்டு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரையே இப்போது வைத்திருக்கிறோம். வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. ஆனால் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே 12 அன்று உலகம் முழுக்கப் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போட்டிருந்த கணினிகளுக்குள் அந்த வழியாக அதனால் நுழைய முடியவில்லை. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு ஒன்று. எங்கள் தெருவில் ஒரு அண்ணன், பத்திரிகை டிசைன் செய்ய ஒரு மென்பொருளின் கிராக்கை, அதாவது காசு கட்டாமல் ஓடும் திருட்டுப் பதிப்பை, இறக்கினார். 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்' என்று அதில் எழுதியிருந்தது. நிறுத்தினார். மறுநாள் காலையில் எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டியிருந்தது, எதுவும் திறக்கவில்லை. ஒரு நோட்பேட் கோப்பில் 980 டாலர் கேட்டிருந்தார்கள், 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி என்று. பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் அதில்தான். பேக்கப் ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தார், ஆனால் அது எப்போதும் கணினியிலேயே செருகியிருக்கும். அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் சில ரகங்களுக்கு இலவசமாகத் திறவுகோல் கிடைக்கிறது, அவருடையதற்குக் கிடைக்கவில்லை. பணம் கட்டாதீர்கள் என்றுதான் அவரிடமும் சொன்னேன். கட்டினாலும் கோப்பு திரும்பும் என்று உறுதி கிடையாது. இப்படி நடந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம்.

விதைநெல்லை யாரும் சாப்பாட்டு நெல்லோடு ஒரே பத்தாயத்தில் கொட்டி வைப்பதில்லை. பேக்கப்பும் அப்படித்தான் தனியே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை செருகி, காப்பி முடிந்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். விண்டோஸ் கோப்பின் பெயரில் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் மெயிலில் வந்த வைரஸ் சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போலத்தான் தெரிந்தது. பெயரின் வாலில் மறைந்திருந்த விபிஎஸ் என்ற நிரல்தான் உண்மையில் ஓடியது. வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் 'பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ' என்று முழுப் பெயரும் தெரியும். கடைசியில் இஎக்ஸ்இ என்றிருந்தால் அது பில் அல்ல, நிரல். ஷார்ட்கட்டுக்கு மட்டும் அப்போதும் வால் தெரியாது, அம்புக்குறியைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுங்கள்.

அப்பா இப்போது ஜெராக்ஸ் கடைக்கென்றே ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறார், சிவப்பு நூல் கட்டியது. பிரிண்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப் மட்டும் அதில் போகும். திரும்பி வந்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காமல், ரைட் கிளிக் செய்து ஃபார்மட் செய்துவிடுகிறார்.